கொலோமா வாய் மூடிய காலை

கொலோமாவுக்கு வாய் நீளம் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அவள் என் சித்தி மகள், சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஆனால் கடலோரத்து ஓட்டல்காரர்கள் அவளைப் பற்றிப் பேசும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவளுடைய கவனக்குறைவால் ஒரு விருந்தாளி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார், அதனால்தான் அவளை வேலையிலிருந்து நிறுத்தினோம் என்று கதை கட்டி விட்டிருக்கிறார்கள். போன வாரம் என் காபிக் கடையில் உட்கார்ந்து என் காபியைக் குடித்துக்கொண்டே ரொட்டி வண்டிக்காரர் என்னிடமே அந்தக் கதையைச் சொன்னார். பாதிக் கோப்பையோடு எழுப்பி அனுப்பிவிட்டேன். நடந்ததில் பாதி என் கடையில் நடந்தது. மீதியையும் கூடவே இருந்து பார்த்தவள் நான். அதனால் நானே சொல்கிறேன்.

கொலோமா பத்தொன்பது வயதில் அந்த ஓட்டலில் அறை துடைக்கப் போனாள். அல்குதியா விரிகுடாவில் இருக்கும் எல்லா ஓட்டல்களையும் போலத்தான் அதுவும். மே மாதம் திறப்பார்கள், அக்டோபர் கடைசியில் கதவைச் சாத்துவார்கள். வேலை செய்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த வருடம் வேண்டுமானால் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. எங்கள் மயோர்காத் தீவில் பாதிப் பேருக்கு வாழ்க்கை அந்தக் கூப்பாட்டில்தான் ஓடுகிறது. குளிர்காலத்தில் அவள் எங்கள் ஊரான காய்மாரிக்கு வந்து மலைச்சரிவில் ஆலிவ் பொறுக்குவாள். குனிந்து குனிந்து முதுகு போய்விட்டது என்று அப்போதே திட்டிக்கொண்டிருப்பாள்.

பிறகு சைக்கிள்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். நாங்கள் கணப்பை விட்டு நகராத ஜனவரியிலும் பிப்ரவரியிலும் இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் வந்து இறங்கினார்கள். எங்களுக்குக் குளிர், அவர்களுக்கு அது வெயில். ஓட்டல்காரர்கள் ஒரு பகுதியைக் குளிர்காலத்திலும் திறந்து வைத்தார்கள். அடித்தளத்தில் வாடகை சைக்கிள்களை அடுக்கி, பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். ரெண்டு வருடத்தில் இந்தப் பைத்தியம் தெளிந்துவிடும் என்று நினைத்து ஆண்கள் யாரும் போகவில்லை. கொலோமா போனாள். அப்போது அவளுக்கு முப்பத்தி நாலு வயது. சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஒரு சைக்கிளை எடுத்து ஆணி ஆணியாகக் கழற்றி, ஒரு வாரம் உட்கார்ந்து மறுபடி பூட்டினாள். மூன்று திருகாணி மிஞ்சியது. மறுபடி கழற்றினாள். அடுத்த குளிர்காலத்தில் அவளை விட நல்ல மெக்கானிக் அந்தக் கடற்கரையில் இல்லை.

கை பேசியதை விட வாய் அதிகம் பேசியது என்பது வேறு விஷயம். காலையில் யாரும் அவளைத் தாண்டிச் சுலபமாக வெளியே போக முடியாது. ஓட்டல் முற்றத்தில் நின்றுகொண்டு ஒவ்வொருவரையும் நிறுத்துவாள். கைகால் தெரிய உடுத்திக்கொண்டு வந்த ஒரு டென்மார்க்காரரை அவள் பிடித்து வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

"துறைமுகத்துல அடிக்கிற வெயில நம்பாதீங்க. ஏறும்போது வேர்த்து ஊத்தும், எறங்கும்போது பல்லு தந்தியடிக்கும். போய் ஜெர்க்கின் எடுத்துட்டு வாங்க. கையுறையும்தான். விரல் மரத்துப்போனா பிரேக்க எதால புடிப்பீங்க, மூக்காலயா?"

அந்த ஆள் சிரித்துக்கொண்டே போய் எடுத்துவந்தார். அவள் சிரிக்கவும் இல்லை, விடவும் இல்லை. வடக்கிலிருந்து த்ரமுந்தானா காற்று அடிக்கிற நாளில் காலையிலேயே காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது அது தள்ளிக்கொண்டு வரும், களைத்த காலோடு எதிர்காற்றில் மாட்டிக்கொள்ளாதீர்கள் என்பாள். குளிர்காலத்தில் மலைமேல் பாதிக் கடைகள் பூட்டியிருக்கும், பையில் ரெண்டு வாழைப்பழமும் பாதாம் ரொட்டியும் இல்லாமல் ஏறாதீர்கள் என்பாள். அஞ்சரைக்கு இருட்டிவிடும், சுரங்கப்பாதை வேறு இருக்கிறது, விளக்கு இல்லாமல் போகிறவன் முட்டாள் என்பாள். பாறை நிழலில் இருக்கும் வளைவுகள் பதினொரு மணி வரை காயாது என்பாள். முக்கியமாக ஆலிவ் வளைவுகளைப் பற்றிச் சொல்வாள். எங்கள் ஊருக்கு மேலே மலைச்சாலை ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே போகிறது. அறுவடைக் காலத்தில் பழம் சாலையில் உதிரும், டிராக்டர் சக்கரம் அதை நசுக்கும், அதன் மேல் பனி இறங்கும். அந்த வளைவில் முன் பிரேக்கைத் தொடாதே, பின் பிரேக்கை மட்டும் மெல்லப் பிடி, சக்கரம் நேராக இருக்கட்டும். இதைச் சொல்லாமல் ஒருத்தரையும் விட்டதில்லை.

அதற்கும் மேலே ஒன்று செய்வாள். முற்றத்தில் சாக்பீசால் ஒரு கோடு போட்டிருப்பாள். சைக்கிளை ஓட்டிவந்து ஒற்றைக் கையால் பிரேக் பிடித்து அந்தக் கோட்டில் நிறுத்த வேண்டும். முதலில் இந்தக் கை, பிறகு அந்தக் கை. காரணம் இதுதான். இங்கிலாந்துக்காரர்கள் சைக்கிளில் முன் பிரேக் வலது கையில் இருக்கும். எங்கள் பக்கத்துச் சைக்கிளில் அது இடது கையில் இருக்கும். ஊர் மாறினாலும் கைக்குப் பழக்கம் மாறாது. அதனால் இங்கிலாந்துக்காரர் யாராவது வந்தால் அன்று சாயங்காலமே அவர் சைக்கிளின் பிரேக் கம்பிகளைக் கழற்றி அவர் பழக்கத்துக்கு மாற்றிப் பூட்டிவிடுவாள். கேட்டவர்களுக்கும் செய்தாள், கேட்கத் தெரியாதவர்களுக்கும் செய்தாள். இருபத்தைந்து வருடம் இப்படி. அவள் கையிலிருந்து போன சைக்கிளில் யாரும் எலும்பு உடைத்ததில்லை. தோல் வழித்துக்கொண்டவர்கள் உண்டு. அவர்கள் திரும்பி வந்து தனியாகத் திட்டு வாங்கினார்கள்.

அவளிடம் திட்டு வாங்கவே வருகிறவர் என்று ஒருவரைச் சொல்லலாம். நார்மன் ஹாஸ்லம், இங்கிலாந்தில் போல்டன் ஊரில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்தேழு வயது, வெள்ளைத் தாடி. பதினான்கு குளிர்காலமாக வருகிறார். ஒவ்வொரு ஜனவரியும் பத்து நாள். வரும்போது கொலோமாவுக்கு ஒரு டப்பா தேயிலை கொண்டுவருவார். அவள் டீ குடிப்பதில்லை, என்னிடம் தள்ளிவிடுவாள். நானும் குடிப்பதில்லை. யார் யாருக்கோ கொடுத்ததுபோக என் கடை அலமாரியில் இன்னும் ஒன்பது டப்பா இருக்கிறது. மலையேறும் முன்னால் என் கடையில் நிறுத்தி ஆரஞ்சுச் சாறு குடிப்பார், இறங்கியதும் எண்ணெய் தேய்த்த ரொட்டியும் தக்காளியும் சாப்பிடுவார். இன்றைக்கு அவள் என்ன திட்டினாள் என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போவார்.

போன இலையுதிர் காலத்தில் ஓட்டலுக்குப் புது மேலாளர் வந்தான். பெயர் ஆர்னாவ், வயது முப்பத்தி நாலு, தலைநகர் பால்மாவிலிருந்து வந்தவன். மெல்லிய செருப்பு போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்று, கொலோமா ஒரு ஆளிடம் எவ்வளவு நேரம் பேசுகிறாள் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டான். பிறகு சுவர் ஓரமாக இரும்புப் பெட்டிகள் வந்து இறங்கின. விருந்தாளி போனில் எண்ணை அழுத்தினால் பெட்டி திறக்கும், சைக்கிளை எடுத்துக்கொண்டு போகலாம். யாரும் யாரிடமும் பேச வேண்டாம். பிரேக் மாற்றிப் பூட்டுவதும் நின்றது. எல்லாச் சைக்கிளும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். குறிப்புகள் எல்லாம் போனிலேயே வந்துவிடும். கொலோமா எனக்குக் காட்டினாள். இருபத்திரெண்டு குறிப்பு. பாதாம் பூ எங்கே நின்றால் அழகாகப் படம் பிடிக்கலாம் என்பது மூன்றாவது. பிரேக் எந்தக் கையில் என்பது பத்தொன்பதாவது. யார் அத்தனை தூரம் படிப்பார்கள்?

கொலோமா முதல் வாரம் அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் நின்று வழக்கம்போல் எல்லோரையும் நிறுத்தினாள். ரெண்டாவது வாரம் அவளுக்குக் கடிதம் கொடுத்தார்கள். விருந்தாளிகள் கேட்காமல் அவர்களிடம் பேசி இடைஞ்சல் செய்வதாகவும், மறுபடி நடந்தால் அடுத்த பருவத்துக்கு அவளைக் கூப்பிட மாட்டோம் என்றும் அதில் இருந்தது. ஓய்வூதியத்துக்கு அவளுக்கு இன்னும் ரெண்டு வருடம்தான் இருந்தது. அறுபது வயதை நெருங்குகிறவளை இந்தத் தீவில் வேறு யார் வேலைக்கு எடுப்பார்கள்?

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள். மேசையில் போட்டுவிட்டுக் கத்தினாள். அரை மணி நேரம் கத்தினாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

"ரெண்டு வருஷம்டி. வாய மூடிக்கிட்டுத் தள்ளிடு. பெரிய மனுஷங்கதான் வர்றாங்க, அவங்க உசிர அவங்க பாத்துக்கட்டும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். மறுநாளிலிருந்து வாயைத் திறக்கவில்லை. அடித்தளத்தில் உட்கார்ந்து சங்கிலிக்கு எண்ணெய் போட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது அந்த நிம்மதியை நினைத்தால் என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

ஜனவரி ஆறாம் தேதி மூன்று அரசர் திருநாள் முடிந்து ஒரு வாரம் இருக்கும். நார்மன் முந்தின ராத்திரி விமானத்தில் வந்து இறங்கியிருக்கிறார். காலையில் தேயிலை டப்பாவை வரவேற்பறையில் கொடுத்துவிட்டு முற்றத்துக்கு வந்து பெட்டியைத் திறந்து சைக்கிளை எடுத்தார். கொலோமா முற்றத்தின் மறுகோடியில் பழைய டயர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆர்னாவ் ஓட்டல் முதலாளிகள் அனுப்பிய ரெண்டு பேருக்குப் பெட்டிகளைப் பெருமையாகச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். நார்மன் அவளைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவள் கையை உயர்த்தினாள். அவர் ஏறிப் போய்விட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. அந்தச் சைக்கிளில் பிரேக் மாற்றவில்லை என்று அவளுக்குத் தெரியும். நாலு எட்டு நடந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆர்னாவ் பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் வரட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தாளாம். பதினான்கு வருடமாக ஓட்டுகிறவர், முதல் திருப்பத்திலேயே கைக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தாளாம். ஆனால் கடலோரத்திலிருந்து எங்கள் ஊர் வரைக்கும் சமதளம். பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டிய அவசியமே வராது. என் கடையில் வந்து சாறு குடித்தார். கொலோமா ஏன் இந்த முறை ஒன்றும் திட்டவில்லை என்று என்னிடம் கேட்டார். கோபமாயிருப்பாள் என்று நான் சொல்லி வைத்தேன். ஏறிப் போனார்.

பன்னிரெண்டரை மணிக்கு ஆலிவ் தோப்புக்காரர் டிராக்டரை என் கடை வாசலில் நிறுத்தி, ரெண்டாவது கிலோமீட்டர் வளைவில் ஒரு வெள்ளைத் தாடிக்காரர் கிடக்கிறார் என்று சொன்னார். நான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். என் கணவர் மெல்சியோர் கம்பளியை எடுத்துக்கொண்டு மேலே ஓடினார். திரும்பி வந்தபோது அவர் சட்டைக் கையெல்லாம் ஆலிவ் எண்ணெய். சாலை முழுக்க நசுங்கின பழமாம். நார்மனுக்கு இடுப்பெலும்பு ரெண்டு இடத்தில் உடைந்திருந்தது.

மறுநாள் ஆர்னாவ் கொலோமாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, காபி வரவழைத்துக் கொடுத்திருக்கிறான். அதுவரை அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்ததில்லை. காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து விசாரிக்க ஆள் வருகிறது, நீங்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்றான். அன்று காலை முற்றத்தில் வழக்கம்போல் நார்மனுக்குப் பிரேக் எந்தக் கையில் என்று விளக்கிக் காட்டினேன் என்று அதில் எழுதியிருந்தது. வழக்கம்போல் என்ற சொல்லை எனக்கு ரெண்டு தடவை படித்துக் காட்டினாள். எந்த வாயை மூடச் சொன்னார்களோ அந்த வாயைத்தான் இப்போது சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அவள் எல்லோரையும் நிறுத்தி வைத்துப் பேசுவாள் என்பது தீவுக்கே தெரியும். அவள் கையெழுத்துப் போட்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். எச்சரித்தும் விழுந்தார் என்றால் தப்பு நார்மனுடையது. இரும்புப் பெட்டிகளுக்கும் அந்தத் தீர்மானத்தைச் செய்தவனுக்கும் ஒரு கீறல் விழாது. எல்லாம் இப்படியே தொடரும்.

நான் மறுபடியும் கோழைத்தனமாகத்தான் பேசினேன். போட்டுவிடு, அந்த மனுஷருக்கு இங்கே வைத்தியம் பார்க்கிறார்கள், ஊருக்குப் போனால் சரியாகிவிடுவார் என்றேன். அவள் தாளை மடித்தாள். போடவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. ரெண்டு நாள் இப்படிப் போனது.

மூன்றாம் நாள் ஆர்னாவே அவளுக்குப் போன் செய்தான். நீங்கள் தயங்க வேண்டாம், விருந்தாளியே ஒப்புக்கொண்டுவிட்டார், கொலோமா எனக்கு விளக்கிச் சொன்னாள், நான்தான் மறந்துவிட்டேன் என்று காப்பீட்டு அதிகாரியிடம் போனில் சொல்லிவிட்டார் என்றான். குரலில் சந்தோஷமாம். கொலோமா போனை வைத்துவிட்டு நேரே என் கடைக்கு வந்தாள். வண்டியை எடு என்றாள். இன்கா நகர ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் எனக்குப் பயம்.

நார்மன் சுவரோரக் கட்டிலில் படுத்திருந்தார். சில நாளிலேயே பத்து வயது கூடினவர் மாதிரி இருந்தார். பக்கத்து மேசையில் ஒரு கூடை நிறைய ஆரஞ்சு, ஓட்டலின் பெயர் அச்சடித்த அட்டையோடு. கொலோமா நலம் விசாரிக்கவில்லை. நின்றபடியே கேட்டாள்.

"நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்?"

"எப்பவும் சொல்றதத்தான் சொன்ன," என்றார் நார்மன்.

"என்னிக்கு?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "அன்னிக்குக் காலைல."

"பொய். அன்னிக்கு நான் வாயே தொறக்கல. உங்க வண்டில பிரேக் மாத்தலன்னு எனக்குத் தெரியும். பாத்துக்கிட்டே நின்னேன். கையத் தூக்கிக் காட்டினேன். அதப் பாத்துட்டுத்தானே எல்லாம் சரியா இருக்குன்னு நீங்க போனீங்க?"

அவர் மெதுவாகச் சொன்னார்.

"அந்த மேனேஜர் வந்தான். நீ சொல்லலன்னு தெரிஞ்சா பழி உன் தலைலதான் விழும், வேலையும் போகும், இன்னும் ரெண்டு வருஷம்தான் பாவம்னு சொன்னான். எனக்கு பென்ஷன் வருது கொலோமா. என் இடுப்பு எப்படியும் ஒடைஞ்சது. இதுல உன் வேலையும் போகணுமா?"

நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். அந்த ஆர்னாவ் மட்டும் அந்த நேரத்தில் அங்கே இருந்திருந்தால் அந்த ஆரஞ்சுக் கூடை அவன் தலையில்தான் இருந்திருக்கும். ஒடிந்து கிடக்கிற மனுஷரிடம் போய், அவருடைய நல்ல மனசைப் பிடித்துத் திருகிப் பொய் வாங்கியிருக்கிறான்.

கொலோமாவின் முகம் சிவந்துவிட்டது. "எனக்கு உங்க இடுப்ப பிச்சையா போடுறீங்களா? யார் கேட்டா?" என்றாள். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவள் நிறுத்தவில்லை. "எப்படி விழுந்தீங்க? அத மட்டும் சொல்லுங்க."

நார்மன் தயங்கினார். சொல்ல அவருக்கு இஷ்டமில்லை என்பது தெரிந்தது.

"எறங்கும்போது வளைவு வந்துச்சு. ரோடு பளபளன்னு இருந்துச்சு. ஆலிவ்னு தெரிஞ்சுபோச்சு. முன் பிரேக்கத் தொடாத, பின் பிரேக்க மெல்லப் புடின்னு நீ சொல்வியே. அப்படியே செஞ்சேன். இடது கையால மெல்லப் புடிச்சேன்."

கொலோமா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் சைக்கிளில் இடது கையில் இருப்பது முன் பிரேக். அவள் பதினான்கு வருடம் சொன்னதை அந்த மனுஷர் அட்சரம் பிசகாமல் கேட்டிருக்கிறார். கேட்டதால்தான் விழுந்தார். அவள் சொல்லாமல் விட்ட ஒன்றே ஒன்று அவரைக் கீழே தள்ளியது. அதற்குப் பிறகு அவள் கத்தவில்லை. உட்கார்ந்து ஒரு ஆரஞ்சை உரித்து அவர் கையில் கொடுத்தாள். அதிகாரி கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் உங்கள் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். வண்டியில் ஏறியதும் அழுதாள். கோபத்தில் அழுகிறவள் அவள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் காப்பீட்டு அதிகாரி என் கடைக்கே வந்தார். விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டியிருந்தது, என்னிடமும் கேட்க வேண்டியிருந்தது, அதனால் எல்லோரையும் அங்கேயே வரச் சொல்லியிருந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, மூக்குக் கண்ணாடி, ஒரு தடித்த நோட்டு. ஆர்னாவ் புன்னகையோடு வந்து அந்தத் தாளை மேசையில் வைத்து, பேனாவை அதன் மேல் வைத்தான். கொலோமா எதிரே உட்கார்ந்தாள். வெளியே நல்ல வெயில். கடை வாசலைத் தாண்டி சைக்கிள்காரர்கள் மலைப்பக்கம் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி தாளைப் படித்துவிட்டு, இது சரியா என்று கேட்டார்.

"இல்ல," என்றாள் கொலோமா. "நான் ஒண்ணும் சொல்லல. சொல்லாதேன்னு எழுதிக் கொடுத்தாங்க. இந்தாங்க, அந்தக் கடுதாசி. நானும் அதுக்குக் கட்டுப்பட்டேன். அதுதான் நான் பண்ண தப்பு. அதையும் எழுதிக்கோங்க."

ஆர்னாவ் குறுக்கே புகுந்தான். கொலோமாவுக்கு விருந்தாளி மேல் பாசம், குற்றவுணர்ச்சியில் பேசுகிறார், விருந்தாளியே ஒப்புக்கொண்டதைப் பாருங்கள் என்றான். அதிகாரி கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்து, விருந்தாளி நேற்று மறுபடி போன் செய்து தன் வார்த்தையை மாற்றிவிட்டார் என்றார். ஆர்னாவின் புன்னகை அப்படியே காய்ந்து போனது. எனக்கு அதைப் பார்க்க ஆனந்தமாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

அதிகாரி கொலோமாவின் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சும் சும்மா இருந்தேன்னு நீங்களே சொல்றீங்க. இதுல உங்க மேலயும் பழி வரும். புரியுதா?"

"புரியுது. எழுதுங்க."

ஆர்னாவ் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றான். அவ்வளவு பேர் முன்னால், இருபத்தைந்து வருடம் அடித்தளத்தில் கிடந்தவளிடம், மழை வருகிறது என்று சொல்வதைப் போலச் சொன்னான். என் கை தானாகத் துடைப்பக் கட்டையைத் தேடியது. மெல்சியோர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். கொலோமா அவன் பக்கம் திரும்பவே இல்லை. அதிகாரியிடம்தான் பேசினாள்.

"நீங்க எழுதி முடிக்க எவ்வளவு நேரமாகும்?"

ஒரு மணி நேரம் ஆகும், பிறகு பால்மாவுக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் முடிவு செய்ய மூன்று வாரம் ஆகலாம் என்றார் அதிகாரி.

"இன்னிக்குக் காலைல அந்தப் பெட்டிலேர்ந்து முப்பத்தோரு சைக்கிள் போயிருக்கு. ஒருத்தர்கிட்டயும் யாரும் ஒண்ணும் சொல்லல. மூணு வாரம் நான் காத்துக்கிட்டு இருக்கவா?"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அப்போது வாசலில் ஆறு பேர் கூட்டமாக மலைப்பக்கம் திரும்பினார்கள். பிரேக் மாற்றிப் பூட்டாத, ஓட்டலின் பச்சை நிறச் சைக்கிள்கள். ஒருத்தருக்கொருத்தர் ஆங்கிலத்தில் கத்திச் சிரித்துக்கொண்டு போனார்கள். கொலோமா எழுந்து, மேசையை இடித்துக்கொண்டு வெளியே ஓடி, நடுச்சாலையில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றாள். நான் பின்னாலேயே ஓடினேன். அதிகாரியும் நோட்டோடு வாசலுக்கு வந்தார். ஆர்னாவ் உள்ளேயிருந்து, அவள் எங்கள் ஆள் இல்லை, அவள் பேச்சுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கத்தினான்.

சைக்கிள்காரர்கள் திகைத்துப்போய்க் காலை ஊன்றி நின்றார்கள். முன்னால் நின்றவள் சின்னப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும், வெயிலில் கன்னம் சிவந்திருந்தது. ஏதாவது ஆகிவிட்டதா என்று மரியாதையாகக் கேட்டாள்.

"மேல ரோட்ல ஆலிவ் நசுங்கிக் கெடக்கு," என்றாள் கொலோமா. மூச்சு வாங்கியது. "அங்க பின் பிரேக்க மட்டும்தான் புடிக்கணும். உன் பின் பிரேக் எந்தக் கைல இருக்கு?"

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இடது கையைத் தூக்கிக் காட்டினாள்.